ஆய்வகக் கட்டடத்தில் மின்சாரம் எங்கே கசிகிறது? அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

குறைந்த மின்சாரத்தில் ஓடும்படி திட்டமிட்டுக் கட்டிய ஆய்வகக் கட்டடம், குடிபுகுந்த இரண்டு மூன்று வருடத்தில் பழைய கட்டடத்தைப் போலவே யூனிட்டைத் தின்னத் தொடங்கும். பெரும்பாலும் வரைபடத்தில் தப்பு இருக்காது. ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு அவசரத்துக்காக ஒரு சுவிட்சை மேனுவலில் போட்டிருப்பார்கள். அதைத் திருப்பி ஆட்டோவில் வைக்க யாருக்கும் நினைவிருந்திருக்காது. அதனால் கிளம்பும் கோளாறை மறைக்க இன்னொன்றை மாற்றியிருப்பார்கள். கீழே உள்ளவை சென்னை போன்ற கடலோர ஊரின் ஆராய்ச்சி வளாகத்துக்குப் பொருந்தும்: சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்), ஏ.ஹெச்.யூ. (அந்தக் குளிர்நீரால் காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் பெட்டி), ஃப்யூம் ஹூட் (ரசாயன ஆவியை வெளியே இழுக்கும் கண்ணாடிக் கதவுள்ள பெட்டி), மொட்டைமாடியில் சோலார் உள்ள கட்டடம்.

கையில் வேண்டியவை: ஏசி, டிசி இரண்டும் அளக்கும் கிளாம்ப் மீட்டர், வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறு மீட்டர், இன்ஃப்ராரெட் கன், காற்று வேகம் பார்க்கும் அனிமோமீட்டர், டார்ச், ஒரு டிஷ்யூ பேப்பர்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் அரைமணி நேரம் இதற்குத்தான்: எல்லா பேனல்களையும் ஒரு சுற்று சுற்றி, எந்தெந்த செலக்டர் சுவிட்ச் மேனுவலில் நிற்கிறது என்று எழுதுங்கள். பி.எம்.எஸ். (கட்டடக் கருவிகளைக் கணினி வழியாக இயக்கும் அமைப்பு) திரையில் ஓவர்ரைடு பட்டியலை, அதாவது தானாக ஓட வேண்டியதைக் கையால் மாற்றி வைத்தவற்றின் பட்டியலைத் திறந்து அதையும் எழுதுங்கள். காரணம் தெரியாமல் எதையும் உடனே ஆட்டோவுக்குத் திருப்பாதீர்கள். யார், எதற்காகப் போட்டார்கள் என்று கேட்டுவிட்டுத் திருப்புங்கள். சில இடங்களில் அந்த மேனுவல்தான் ஒரு ஆய்வகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

அறிகுறி 1: இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சுமை இறங்கவில்லை

சனிக்கிழமை இரவு 11 மணிக்கு மெயின் மீட்டரில் ஒரு ரீடிங், ஞாயிறு காலை 5 மணிக்கு இன்னொன்று எடுங்கள். வித்தியாசத்தை மீட்டரின் பெருக்கு எண்ணால் பெருக்கி, 6 ஆல் வகுங்கள். கிடைப்பது இரவின் சராசரி கிலோவாட். வேலை நாள் மதியம் 3 மணிச் சுமையோடு ஒப்பிடுங்கள். வெறும் அலுவலகக் கட்டடம் என்றால் கால்வாசிக்கு இறங்கிவிட வேண்டும். ஆய்வகம் அவ்வளவு இறங்காது, ஃப்ரீசரும் எக்ஸாஸ்ட்டும் தூங்குவதில்லை. ஆனால் பகல் சுமையில் பாதிக்கு மேல் இரவிலும் நின்றால் எங்கோ வீணாகிறது.

செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

கன்ட்ரோலரின் கடிகாரம். கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறும்போது, உள்ளே இருக்கும் நாணய பேட்டரி செத்திருந்தால் நேரம் ஆரம்பத்துக்குப் போய்விடும். பிறகு ஏ.ஹெச்.யூ. இரவு எட்டுக்கு நிற்க வேண்டியது விடியற்காலை நிற்கும், அல்லது நிற்கவே நிற்காது. ஒவ்வொரு கன்ட்ரோலரின் நேரத்தையும் உங்கள் கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேட்டரி மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

ஃப்யூம் ஹூட்டின் சாஷ். இரவு எட்டு மணிக்குமேல் ஆய்வகங்களைச் சுற்றி வந்து, திறந்து கிடக்கும் கண்ணாடிக் கதவுகளை எண்ணுங்கள். 1.2 மீட்டர் அகல ஹூட், சாஷ் 45 சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, முகப்பில் காற்று வினாடிக்கு 0.5 மீட்டர் என்றால், மணிக்கு சுமார் 970 கனமீட்டர் குளிர்ந்த காற்று வெளியே போகிறது. அதை ஈடுகட்ட வெளிக்காற்றை உள்ளே கொண்டுவந்து ஈரத்தை உறிஞ்சி 13 டிகிரிக்குக் குளிர்விக்க, சென்னை மே மாதப் பகலில் 4 டன்னுக்கும் மேல் குளிரூட்டல் வேண்டும். ஒரு ஹூட்டுக்கு இந்தக் கணக்கு. இரவு வெப்பம் குறைந்தாலும் ஈரம் குறைவதில்லை. அதனால் 12 மணி நேர இரவில் ஒரே ஹூட்டுக்கு 30 யூனிட்டுக்கு மேல் போய்விடும்.

சாஷை மூடினால் மிச்சமாகிறதா என்பது ஹூட்டின் வகையைப் பொறுத்தது. எக்ஸாஸ்ட் ஃபேனின் வி.எஃப்.டி. (ஃபேனின் வேகத்தை மாற்றும் கருவி) திரை முன் ஒருவர் நிற்கட்டும், இன்னொருவர் நாலைந்து சாஷ்களை மூடட்டும். ஹெர்ட்ஸ் இறங்கினால் அது காற்றளவு மாறும் வகை. மூடும் பழக்கமே பாதி வேலையைச் செய்துவிடும். ஹெர்ட்ஸ் அசையவில்லை என்றால் இரண்டில் ஒன்று: பைபாஸ் வகை ஹூட், அதாவது மூடினாலும் மேல்வாய் வழியாக அதே அளவு காற்றை இழுப்பது, அல்லது அடுத்து வரும் சென்சார் கோளாறு. எதுவாக இருந்தாலும் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தி மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். உள்ளே கரைப்பான் பாட்டில் திறந்திருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாது.

டக்ட் (காற்றுக் குழாய்) பிரஷர் சென்சார். ஃபேன் இரவும் பகலும் 50 ஹெர்ட்ஸிலேயே ஓடுகிறதா? சென்சாரிலிருந்து டக்ட்டுக்குப் போகும் மெல்லிய பிளாஸ்டிக் டியூபைத் தடவிப் பாருங்கள். வெயிலில் காய்ந்து, மூட்டில் வெடித்திருக்கும். அல்லது கழன்று தொங்கும். அழுத்தம் வரவில்லை என்று சென்சார் சொல்லும், ஃபேன் முழு மூச்சில் ஓடும். ஒரு அடி டியூப் மாற்றினால் 50 ஹெர்ட்ஸில் இருந்தது 40க்கு இறங்கக்கூடும். அந்த இடத்தில் ஃபேனின் மின்சாரம் பாதிக்கு அருகில் வந்துவிடும். பெரிய தொகைக்கு ஃபேன் மாற்றும் முன் இந்த டியூபைப் பார்த்தே தீர வேண்டும்.

மைனஸ் 80 ஃப்ரீசர். பழைய பெட்டி ஒன்று நாளுக்கு 15 முதல் 20 யூனிட் எடுக்கும். முன்பக்கக் கீழ் வலையைக் கழற்றி ஃபில்டரைப் பாருங்கள். பஞ்சு போலத் தூசி படிந்திருந்தால் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். கதவு ரப்பரில் பனிக்கட்டி ஒட்டியிருந்தால் ரப்பர் சரியாகப் பதியாது. மரச் சட்டுவத்தால் மெல்லச் சுரண்டுங்கள், கத்தி வேண்டாம். மைனஸ் 70க்கு ஏற்றினால் கணிசமாக மிச்சமாகும். ஆனால் அந்த முடிவு மாதிரிகளின் சொந்தக்காரரான ஆய்வாளருடையது, பராமரிப்புப் பிரிவுடையது அல்ல.

நிபுணரைக் கூப்பிட வேண்டிய இடம்: சாஷை மூடியும் ஹெர்ட்ஸ் அசையவில்லை, டியூபும் நன்றாக இருக்கிறது என்றால் காற்று வால்வுகளை அளவீடு செய்ய வேண்டும். வேலை செய்யும் உயரத்தில் சாஷை வைத்து அளந்த முகப்பு வேகம் 0.4க்குக் கீழோ 0.6க்கு மேலோ இருந்தாலும் அப்படியே. ஹூட்டின் வேகத்தை நீங்களே டாம்பரை (காற்றுவழியைத் திறந்து மூடும் தகடு) திருகி மாற்றாதீர்கள். அது மின்சாரக் கணக்கு இல்லை, உள்ளே நிற்பவரின் மூச்சு.

அறிகுறி 2: வாசல் கதவு உள்பக்கமாக இழுக்கிறது, டிஃப்யூசரில் (குளிர்காற்று அறைக்குள் வரும் வாய்) வேர்வை, சுவரில் பூஞ்சை

கடலோர வளாகத்தில் மிக அதிகமாகத் தவறாகக் கையாளப்படுவது இதுதான். பூஞ்சையைத் துடைத்துப் பெயின்ட் அடிப்பார்கள், ஒரே மழைக்காலத்தில் திரும்ப வந்துவிடும்.

முதலில் டிஷ்யூ சோதனை. வெளிவாசலை ஒரு விரல் அகலம் திறந்து, கீழ்ப்பக்க இடுக்கில் டிஷ்யூ பேப்பரைத் தொங்கவிடுங்கள். பேப்பர் வெளியே தள்ளப்பட்டால் நல்லது. உள்ளே இழுக்கப்பட்டால் கட்டடம் வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. ஆய்வகம் தாழ்வாரத்தைவிடக் குறைந்த அழுத்தத்தில் இருப்பது சரி, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் கட்டடம் மொத்தமும் வெளியைவிடக் குறைந்தால், ஐப்பசி கார்த்திகையின் ஈரக்காற்று ஒவ்வொரு இடுக்கிலும் நுழையும். மழைக்காலத்தில் சென்னை வெளிக்காற்றின் பனிநிலை 23, 24 டிகிரி அளவில் இருக்கும். அதைவிடக் குளிர்ந்த எந்தச் சுவரில் அது பட்டாலும் தண்ணீராகும்.

பேப்பர் உள்ளே இழுத்தால்:

முதலில் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரும் ஃப்ரெஷ் ஏர் யூனிட்டின் ஃபில்டர். இரண்டு பக்கமும் அழுத்த வித்தியாசம் காட்டும் கேஜ் இருக்கும். ப்ரீ ஃபில்டரில் அது 250 பாஸ்கலைத் தொட்டால் மாற்ற வேண்டியதுதான். கேஜ் பூஜ்யத்தில் நின்றால் ஃபில்டர் சுத்தம் என்று நினைக்காதீர்கள். ஃபேன் ஓடவில்லை, ஃபில்டரே இல்லை, அல்லது கேஜ் டியூப் கழன்றிருக்கிறது.

அடுத்தது ஃப்ரெஷ் ஏர் டாம்பர். வெளிக்காற்றைக் குறைத்தால் கரண்ட் மிச்சம் என்று யாரோ மூடி வைத்திருப்பார்கள். ஃப்யூம் ஹூட் உள்ள கட்டடத்தில் இது மிச்சம் இல்லை. எக்ஸாஸ்ட் இழுத்தே தீரும். ஃபில்டர் வழியாக, குளிர்விக்கும் காயில் வழியாக வர வேண்டிய காற்று ஜன்னல் இடுக்கு வழியாக, ஈரம் எடுக்கப்படாமல் வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

டாம்பர் திறந்திருப்பதாக பி.எம்.எஸ். காட்டுகிறதா? அதை நம்பாமல் நேரில் பாருங்கள். ஆக்சுவேட்டர் (டாம்பரைத் திருப்பும் மோட்டார்) பிடித்திருக்கும் ஷாஃப்ட்டின் நுனியில் ஒரு வெட்டுக்கோடு இருக்கும், பெரும்பாலும் பிளேடு எந்தப் பக்கம் நிற்கிறதோ அதே திசையில். கன்ட்ரோலரிலிருந்து முழுதும் திற, முழுதும் மூடு என்று கட்டளை கொடுத்து அந்தக் கோடு கால்வட்டம் திரும்புகிறதா பாருங்கள். ஆக்சுவேட்டர் சுற்றி, ஷாஃப்ட் சுற்றாமல் நின்றால் கிளாம்ப் திருகு நழுவியிருக்கிறது. உப்புக்காற்றில் துருப்பிடித்த ஷாஃப்ட்டில் திருகு வெறும் துருவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். ஷாஃப்ட்டை எமரி பேப்பரால் தேய்த்து, திருகை இறுக்கி, மறுபடி சோதியுங்கள்.

பெல்ட் தளர்ச்சி. நிறுத்தி, பேனலில் பூட்டுப் போட்டுவிட்டுப் பாருங்கள். பெல்ட்டின் பக்கவாட்டு பளபளவென்று மின்னினால் வழுக்குகிறது.

ஹீட் வீல் (வெளியேறும் குளிர்காற்றைக் கொண்டு உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் குறைக்கும் சக்கரம்) இருந்தால் அது சுற்றுகிறதா? மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும், வீல் நின்றிருக்கும். அதன் பெல்ட் அறுந்தது வெளியிலிருந்து தெரியாது, கதவைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். வீல் நின்றுபோனால் வெளிக்காற்றின் ஈரம் முழுவதும் காயில் தலையில் விழும்.

பேப்பர் வெளியே தள்ளுகிறது, ஆனாலும் வேர்க்கிறது என்றால்:

அறையின் ஈரப்பதத்தை அளந்து பாருங்கள். 24 டிகிரியில் 55 சதவீதம் என்றால் பனிநிலை 14 டிகிரிக்குச் சற்று மேல். 60 என்றால் 16க்கு அருகில். 75 சதவீதத்துக்குப் போனால் 19ஐத் தாண்டும். டிஃப்யூசரில் வரும் காற்று 14 டிகிரி. ஆக, 75இல் அது வேர்க்காமல் என்ன செய்யும்? குறை டிஃப்யூசரில் இல்லை. அதற்குத் தெர்மோகோல் ஒட்டிப் பயனில்லை.

ஈரப்பதம் ஏறியதற்கு முதல் சந்தேகம் செட்பாயின்ட், அதாவது கருவிக்குக் குறித்துக் கொடுத்த வெப்பநிலை. மின்சாரம் மிச்சம் பிடிக்க ஏ.ஹெச்.யூ. சப்ளைக் காற்றை 13இலிருந்து 17, 18க்கு ஏற்றியிருப்பார்கள். அறை வெப்பநிலை சரியாகவே இருக்கும், ஈரம்தான் இறங்காது. பசையாக இருக்கிறது என்று உள்ளே இருப்பவர்கள் தெர்மோஸ்டாட்டை 20க்குத் தள்ளுவார்கள். கடைசியில் முன்பைவிட அதிக யூனிட். மிச்சம் பிடிக்க அறையின் செட்பாயின்ட்டை 24இல் வையுங்கள், சப்ளைக் காற்றில் கை வைக்காதீர்கள். நட்சத்திரக் குறியீடு பெறும் அறை ஏசிகளுக்கு 2020 ஜனவரி முதல் தொடக்க நிலை 24 என்று விதித்திருப்பதும் இந்த அறை வெப்பநிலையைத்தான்.

அடுத்தது ஏ.ஹெச்.யூ.வின் டிரெயின். கதவைத் திறந்தால் டிரேயில் தண்ணீர் நிற்கிறதா? மூடி ஓடும்போது நின்று, நிறுத்தியதும் குபுக்கென்று வடிந்தால் யூ வளைவு சரியில்லை. ஃபேன் இழுக்கும் பக்கத்தில் 500 பாஸ்கல் என்றால் அது 50 மில்லிமீட்டர் தண்ணீருக்குச் சமம். டிரேயின் வாய்க்கும் யூ வளைவின் வெளிவாய்க்கும் இடையே குறைந்தது 75 மில்லிமீட்டர் இறக்கம் வேண்டும், வளைவுக்குள் நிற்கும் தண்ணீர் அதில் பாதிக்குக் குறையக்கூடாது. இடமில்லை என்று நேர்க்குழாய் போட்டுவிட்டுப் போன பிளம்பிங்கைப் பல கட்டடங்களில் பார்க்கலாம். கோடையில் வளைவு காய்ந்திருந்தால் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும்.

குளிர்நீர்க் குழாயின் நைட்ரைல் உறையில் மூட்டு விட்டிருந்தால் மேலே கறுப்பு டேப் சுற்றி மறைக்காதீர்கள். அழுத்திப் பாருங்கள். நீர் கசிந்தால் அந்த நீளத்தை வெட்டி எடுத்து, குழாயைத் துடைத்து, துரு தட்டி, புதிய உறையைப் பசையோடு ஒட்டுங்கள். ஈரமான உறை உள்ளே காயாது, குழாயைத்தான் தின்னும்.

நிபுணரைக் கூப்பிட வேண்டிய இடம்: பூஞ்சை ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தால், அல்லது ஃபில்டர், டாம்பர், பெல்ட் மூன்றும் சரியாகியும் டிஷ்யூ உள்ளேயே இழுத்தால். பின்னதற்குக் காற்றைச் சமன்படுத்தும் குழு வேண்டும். எந்தெந்த ஹூட்களைப் புதிதாகச் சேர்த்தீர்கள் என்ற பட்டியலை அவர்களிடம் முதலிலேயே கொடுங்கள். கட்டும்போது 20 ஹூட்டுக்குப் போட்ட ஃப்ரெஷ் ஏர், இப்போது 28 ஹூட்டுக்குப் போதாது.

அறிகுறி 3: மேல்மாடி மட்டும் மதியத்துக்குமேல் குளிரவில்லை

ஏ.ஹெச்.யூ.வைத் திறப்பதற்கு முன் மொட்டைமாடிக்கு ஏறுங்கள். வெள்ளை கூலிங் டைல்ஸோ, வெள்ளைப் பூச்சோ இரண்டு மழையில் பாசி பிடித்து, தூசி படிந்து சாம்பல் நிறமாகியிருக்கும். ஒரு சதுர மீட்டரை மட்டும் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். மறுநாள் மதியம் 2 மணிக்கு இன்ஃப்ராரெட் கன்னால் கழுவிய சதுரத்தையும் அதன் பக்கத்தையும் அளங்கள். கழுவியது 5 டிகிரிக்கு மேல் குறைவாகக் காட்டினால் முழு மாடியையும் கழுவுங்கள். வருடத்துக்கு ஒரு முறை, மழை ஓய்ந்த தை மாதத்தில் கழுவினால் கோடை முழுக்கப் பலன் தரும். கழுவியும் வித்தியாசம் வரவில்லை என்றால் பூச்சு தேய்ந்துவிட்டது, திரும்ப அடிக்க வேண்டும்.

மாடி நன்றாக இருக்கிறது, ஆனால் உள்ளே சீலிங்கின் ஒரு பகுதி மட்டும் பக்கத்தைவிடச் சூடாக இருக்கிறது என்றால், அந்த இடத்தில் தளத்தின் மேல் போட்ட காப்புப் பலகை நனைந்திருக்கலாம். மேலே அந்த இடத்தில் டைல்ஸைத் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற சத்தம் வரும், இடுக்கில் செடி முளைத்திருக்கும். இது நீர்க்கசிவுக்காரரின் வேலை. டைல்ஸ் இடுக்கில் சிமென்ட் பூசி மூடிவிடுவது தண்ணீரை உள்ளேயே அடைப்பதாகும்.

அறிகுறி 4: சில்லர் யூனிட் மாதா மாதம் ஏறுகிறது

போகும் குளிர்நீருக்கும் திரும்பும் நீருக்கும் வித்தியாசம் பாருங்கள். 7க்கு 12 என்று வடிவமைத்தது 7க்கு 9.5 என்று ஓடினால், குளிர் எங்கும் இறங்காமல் நீர் சும்மா சுற்றுகிறது. நிறுத்தி வைத்த ஏ.ஹெச்.யூ.க்களின் திரும்பும் குழாயைக் கையால் தொடுங்கள். ஜில்லென்றிருந்தால் வால்வு மூடவில்லை. முக்கியக் குழாயின் பைபாஸ் வால்வும் அப்படியே. பம்ப் வாங்கும் முன் இந்தத் தொடு சோதனையை முடியுங்கள்.

அடுத்தது கண்டென்சர், சில்லரின் வெப்பத்தைக் கூலிங் டவர் நீருக்குத் தள்ளும் பகுதி. சில்லர் திரையில் காட்டும் கண்டென்சிங் வெப்பநிலைக்கும் வெளியேறும் கண்டென்சர் நீருக்கும் வித்தியாசம், சுத்தமாக இருந்தபோது 1, 2 டிகிரி. அதே சுமையில் 4ஐத் தாண்டினால் குழாய்க்குள் உப்புப் படிந்திருக்கிறது. ஆசிட் வாஷுக்கு ஆள் கூப்பிடும் முன் சாஃப்ட்னர் (நீரின் கடினத்தன்மையை நீக்கும் கருவி) அறைக்குப் போய் உப்புத் தொட்டியைத் திறந்து பாருங்கள். உப்பு தீர்ந்து அடித்தட்டு தெரியும் தொட்டிகள் நிறைய. போர்வெல் நீரை அப்படியே கூலிங் டவரில் விட்டுக்கொண்டு குழாயைக் கழுவினால் சில மாதத்தில் திரும்பப் படியும்.

கூலிங் டவரிலிருந்து இறங்கும் நீர், ஈரக்குமிழ் வெப்பநிலையைவிட (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) 3, 4 டிகிரி மேலே இருப்பது சரி. 6, 7 என்றால் நாசிலில் அடைப்பு, உடைந்த ஃபில் (நீர் பரவி வழியும் அடுக்குத் தகடுகள்), ஃபேன் பெல்ட் என்ற வரிசையில் பாருங்கள். ஈரக்குமிழ் 28 உள்ள நாளில் 31, 32க்குக் கீழே எதிர்பார்க்காதீர்கள்.

ரெஃப்ரிஜரன்ட், ஆயில், குழாய்த் தடிமன் சோதனை, ஆசிட் வாஷ் எல்லாம் சில்லர் கம்பெனி ஆட்களுக்கு.

அறிகுறி 5: வெளிச்சம் இருந்தும் விளக்கு எரிகிறது

ஆள் அசைவைக் கண்டு விளக்கைப் போடும் சென்சாரை விட்டு, விளக்கை மேனுவலில் போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். மேனுவலில் இருந்தால் திருப்புவதற்கு முன் அங்கே உட்காருபவரிடம் பேசுங்கள். அசையாமல் மைக்ரோஸ்கோப் பார்ப்பவருக்கு ஐந்து நிமிடத்தில் விளக்கு அணைந்திருக்கும். நேரத்தை இருபது நிமிடமாக்கினால் மேனுவல் திரும்ப வராது. திரைச்சீலை நாளெல்லாம் மூடிக் கிடந்தால் கோளாறு மேற்கு வெயிலின் கூச்சத்தில் இருக்கிறது, விளக்கில் இல்லை.

அறிகுறி 6: சோலார் உற்பத்தி குறைந்துவிட்டது

தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பேனல் வருடச் சராசரியில் நாளுக்கு சுமார் 4 யூனிட் தரும். மேகமுள்ள ஒரு நாளை வைத்து முடிவுக்கு வராமல், ஒரே நாளில் ஒவ்வொரு இன்வெர்ட்டரின் யூனிட்டையும் அதன் கிலோவாட்டால் வகுத்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

எல்லாம் ஒரே அளவில் குறைவு: தூசி. விடியற்காலையில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும். சூடேறிய கண்ணாடியில் உச்சி வெயிலில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக்கூடாது. காக்கை, புறா எச்சம் சிறிய புள்ளியாக இருந்தாலும் தனியாகத் தேய்த்து எடுங்கள், நிழல் விழுந்த அந்த ஒரு செல் சூடேறிப் பேனலையே கெடுக்கும்.

ஞாயிறு மதியம் மட்டும் ஒரு இன்வெர்ட்டர் நிற்கிறது: நிகழ்வுப் பதிவில் கிரிட் வோல்டேஜ் அதிகம் என்று இருக்கும். கட்டடத்தில் சுமை இல்லாத நேரத்தில் சோலார் தள்ளும் மின்சாரம் வோல்டேஜை ஏற்றுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் டாப் மாற்றுவதும் இன்வெர்ட்டர் எல்லை மாற்றுவதும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனும் மின்வாரியமும் பேசி முடிக்க வேண்டியவை.

மழைக்கு மறுநாள் காலை நின்று, பத்து பதினொரு மணிக்குத் தானாக வருகிறது: எங்கோ கேபிளின் தோல் உரிந்து ஈரம் இறங்குகிறது. வெயில் காய்ந்ததும் சரியாகிவிடுவதால் விட்டுவிடுவார்கள். விடக்கூடாது, தீ இப்படித்தான் தொடங்கும். மெக்கர் (கேபிள் காப்பின் தடையை அளக்கும் கருவி) போட்டு, ஸ்ட்ரிங் ஸ்ட்ரிங்காக (தொடராக இணைத்த பேனல் வரிசை) பிரித்துப் பார்க்க நிபுணரைக் கூப்பிடுங்கள்.

ஒரு ஸ்ட்ரிங் மட்டும் குறைவு: மதியம், மேகமில்லாத நேரத்தில், டிசி கிளாம்ப்பால் ஒரே திசையில் இருக்கும் ஸ்ட்ரிங்குகளின் ஆம்பியரை அளங்கள். ஒன்று 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் முதலில் நிழல். புதிதாக வைத்த ஏசி அவுட்டோர் யூனிட், உயர்த்திய தண்ணீர்த் தொட்டி, வளர்ந்த வேம்பு. பூஜ்யம் என்றால் டிசி ஃபியூஸ். நிழலும் இல்லை, ஃபியூஸும் நன்றாக இருக்கிறது என்றால் கனெக்டர்களை ஒவ்வொன்றாக இன்ஃப்ராரெட் கன்னால் பாருங்கள். வேறு வேறு கம்பெனி கனெக்டரை ஒன்றோடொன்று செருகியிருந்தால் அதுதான் சூடேறும். நல்லது கையில் வெதுவெதுப்பாக இருக்க, கெட்டது பழுப்பேறி, ஓரத்தில் பிளாஸ்டிக் இளகி நிற்கும். அதைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வரும். வெயில் இருக்கும்வரை அந்தக் கம்பியில் சில நூறு வோல்ட் டிசி ஓடிக்கொண்டே இருக்கும். சுமையோடு பிரித்தால் தீப்பொறி அணையாமல் நீண்டு எரியும். இன்வெர்ட்டரை நிறுத்தி, டிசி ஐசொலேட்டரைத் திறந்து, அந்த ஸ்ட்ரிங்கில் ஆம்பியர் பூஜ்யம் என்று கிளாம்ப் காட்டிய பிறகு, ரப்பர் கையுறையோடு வரும் சோலார் டெக்னீஷியன்தான் அதைப் பிரிக்க வேண்டும். மாற்றும்போது ஆண், பெண் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனியாக இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.